மூட்டைக்கு ஒரு பிடி

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டரம்மா. சுக்கு மட்டும் போன வருஷத்துச் சரக்கு. யாரோ உங்கள் கான்ஸ்டபிள் தலையில் கட்டிவிட்டார்கள். பூச்சி விழுந்த சுக்கின் காரம் நாக்கு நுனியிலேயே நின்றுவிடும், தொண்டைக்கு இறங்காது. குறையாகச் சொல்லவில்லை. தவழ்ந்த காலத்திலிருந்து மண்டியில் கிடந்தவனுக்கு வாயில் எது பட்டாலும் விலை சொல்லத் தோன்றும், அவ்வளவுதான்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று ஹாலாஸ்யம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் எங்கள் அறக்கட்டளையின் பொருளாளர். பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அது தன் பேனாதானா என்று பார்த்துக்கொள்கிற மனிதர். அவர் பயம் அவருக்கு. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். இந்த விலை எப்படி வந்தது என்று கேட்கிற கொள்முதல்காரரை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அடக்க விலையிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

என் மஞ்சள் பையை வாங்கி அந்த மேசையில் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, அங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் மட்டும் ஒரு தடவை தேவைப்படும். மண்டியிலும் இன்றைக்குச் சாயங்காலம் முதுகுளத்தூர் லோடு வருகிறது. நல்ல முண்டு மிளகாய். கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

என் பெயர் கூடலிங்கம். கீழமாசி வீதியை ஒட்டி மிளகாய் வத்தல் மண்டி. எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான், சுந்தரமகாலிங்கம். ஆள் தேக்குமரம் மாதிரி இருப்பான். ஒருநாள் சுமை தூக்குகிறவர்களோடு விளையாட்டாகப் பந்தயம் கட்டி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மண்டியை ஒரு சுற்று வந்தான், இறக்கி வைத்தான், அதன் மேலேயே உட்கார்ந்தான். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவன் அப்போதே போய்விட்டான். முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயதுதான். பிறவியிலேயே இதயத் தசை தடித்துக்கொண்டு வருகிற நோய் என்றார் டாக்டர். வெளியே ஒன்றும் தெரியாதாம். பாரம் தூக்குகிற நேரத்தில், ஓடுகிற நேரத்தில் சட்டென்று நிறுத்திவிடுமாம். முன்னாலேயே கண்டுபிடித்தால் மாத்திரை உண்டு, பாரம் தூக்காமல் இருந்தால் பேரப்பிள்ளை பார்க்கலாம் என்றார். அப்படியானால் ஏன் முன்னாலேயே கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் இங்க யாருங்க மெனக்கெட்டு ஆராய்ச்சி பண்றா?" என்றார்.

யாரும் மெனக்கெடாவிட்டால் நானே மெனக்கெடுகிறேன் என்று எழுந்து வந்தேன். மகாலிங்கம் நினைவு இருதய ஆராய்ச்சி அறக்கட்டளை அப்படித்தான் வந்தது. தம்பியின் பதினாறாம் நாளிலேயே பேச்சை எடுத்தேன். வெல்ல மண்டி, எண்ணெய்க் கடை, பாத்திரக் கடை, ஒருவர் விடாமல் அழுதார்கள், அழுதவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அழுததும் கொடுத்ததும் ஒரே சரக்குதான் என்பது பிறகுதான் புரிந்தது.

இளம் விஞ்ஞானி உதவித்தொகை என்று அறிவித்தோம். நேர்முகத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு வருஷத்தில் நோயை ஒழித்துக் காட்டுகிறேன் என்றார்கள். சரக்கைப் பார்ப்பதற்கு முன்னால் விலை சொல்கிறவனை நான் நம்புவதில்லை. கடைசியாக விளாங்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஸ்ரீஜா. பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டுக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பியவள்.

"எம்புட்டு வருஷத்துல முடியும்மா?" என்று கேட்டேன்.

"முடியாது சார். ஆரம்பிக்கத்தான் முடியும்" என்றாள்.

ஹாலாஸ்யத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அந்த நிமிஷமே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சொத்தையை மூட்டைக்கு மேலேயே காட்டுகிறவளிடம் அடியில் சொத்தை இருக்காது.

அவள் வேலை இதுதான். மண்டியில் பாரம் தூக்குகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுப்பது, ரத்தம் எடுப்பது, யாருக்குத் தசை தடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து டாக்டரிடம் சேர்ப்பது. தடிப்பதற்கு முன்னாலேயே ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் மண்டியிலேயே முதல் முகாம் போட்டோம். யாரும் சட்டையைக் கழற்ற முன்வரவில்லை, பெண்பிள்ளை எதிரே என்று கூச்சம். நானே முதல் ஆளாகப் படுத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் வரிசை நகர்ந்தது.

இன்னொரு சிக்கல் வந்தது. நோய் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால் எவனும் எடுப்பதில்லை. எடுத்தாலும், காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று வைத்துவிடுகிறார்கள். முறைப்படி டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீஜா தயங்கினாள், பிறகு வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள். "சார், அவங்க நீங்க சொன்னாத்தான் கேக்குறாங்க" என்றாள். அது உண்மை. மண்டியில் கூலி, முன்பணம், பிள்ளைக்குக் காதுகுத்து, எதுவானாலும் என் வாயிலிருந்து வந்தால்தான் அவர்களுக்குச் செல்லுபடி. அன்றிலிருந்து நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் நான்தான் சொல்லிவந்தேன், தராசுக்குப் பக்கத்தில், நின்ற வாக்கில். உடம்பு சம்பந்தப்பட்ட ரகசியம் என்பதால் எவனும் இன்னொருவனிடம் சொல்லிக்கொள்வதில்லை.

இனி என் எரிச்சலைச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இந்த ஊர் கொடுக்காத ஊர் இல்லை, அம்மா. சித்திரையில் அழகர் வருகிற பாதை முழுக்க மண்டகப்படி போட்டு, நீர்மோரும் சுண்டலும் கொடுத்துத் திணறடிக்கிற ஊர். ஆனால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லிப் பாருங்கள், நேற்றுத்தான் கடன் வாங்கியவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாத்திரக்கடை சிவனாண்டியிடம் இரண்டாம் வருஷம் போய் உட்கார்ந்தேன்.

"கூடலிங்கண்ணே, கோயிலுக்குக் குடுத்தா கல்லுல பேரு வெட்டுறாக. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் குடுத்தா தலைமாட்டுல தகடு அடிக்கிறாக. இந்தப் பிள்ளை பாக்குற கிருமில எம்பேரை எங்க எழுதுவீக?"

"கிருமி இல்லய்யா, ஜீன்."

"ரெண்டும் கண்ணுக்குத் தெரியாதுல்ல?"

விற்கத் தெரியாதவன் என்று என்னை இந்தக் கடைவீதியில் யாரும் சொன்னதில்லை. மழையில் நனைந்த வத்தலைக் காயவைத்து, காய்ந்த வத்தலின் விலைக்கே தள்ளியிருக்கிறேன். ஆனால் நடக்காத சாவை விற்க என்னால் முடியவில்லை. ஸ்ரீஜா கண்டுபிடித்துக் காப்பாற்றியவன் எதிரிலேயே பீடி குடித்துக்கொண்டு நிற்கிறான். அவனைக் காட்டி, இவன் செத்திருக்க வேண்டியவன் என்றால் யார் நம்புவார்கள்? அவனே நம்புவதில்லை. மாத்திரை கசக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வருகிறான்.

அந்த வருஷம் விருமாண்டி செத்துப்போனான். இதில் என் பங்கு ஏதுமில்லை என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு நோய் இருப்பதை முகத்துக்கு நேரே சொன்னேன், பாரம் தூக்காதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நான் தூக்காட்டி எங்க வீட்டு அரிசிய யாருண்ணே தூக்கிட்டு வருவா?" என்று சிரித்துக்கொண்டே போனான். அழகர்கோவில் ரோட்டில் வண்டியிலிருந்து சாக்கு இறக்கும்போது விழுந்தான். அடுத்த மாதம் தம்பியின் நினைவுநாள், அறக்கட்டளையின் ஆண்டுவிழா. விருமாண்டியின் மனைவி பாண்டியம்மாளை மேடையில் உட்காரவைத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. மண்டபமே கரைந்துபோனது. சிவனாண்டி எழுந்து முன்னால் வந்து, பேரெல்லாம் வேண்டாம், பிடியுங்கள் என்று கொடுத்தான். ஸ்ரீஜாவுக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்தது. உதவிக்கு ஆன்றோ என்று ஒரு இளம் விஞ்ஞானியைச் சம்பளத்துக்குச் சேர்த்தோம்.

விருமாண்டி போனதில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். மாத்திரை தின்றார்கள், கனத்த மூட்டையை விட்டுவிட்டுச் சல்லடை வேலைக்கு மாறினார்கள். ஒருவன்கூடச் சாகவில்லை. ஸ்ரீஜாவுக்கு வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல வருஷம் இருந்திருக்காது. விழாவில் வரைபடம் போட்டுக் காட்டினாள், சாவுக் கோடு எப்படிக் கீழே இறங்குகிறது பாருங்கள் என்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "பந்தி எப்ப மாப்ள?" என்று கேட்டது மைக் வரை கேட்டது. ஏலத்தில் முதல் குரல் எப்போதும் நம் ஆளாக இருக்க வேண்டும் என்பது தொழில் பாடம். நான் ஏற்பாடு செய்திருந்த ஆள் முதலில் எழுந்து தொகையைச் சொன்னார். இரண்டாவது குரலே வரவில்லை. வந்த வசூல் அன்றைய சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருந்தது.

நன்றாக நடந்த வருஷம் நஷ்ட வருஷம். இப்படி ஒரு வியாபாரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆன்றோவுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. பரிசோதனைக்கு வேண்டிய மருந்து வாங்க முடியாமல் ஸ்ரீஜாவின் ஆய்வு அறை பூட்டிக் கிடந்தது. ஒருநாள் ஸ்ரீஜா மண்டிக்கு வந்தாள். வத்தல் நெடியில் இருமிக்கொண்டே நின்றாள். ஜெர்மனியில் ஓரிடத்தில் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"போகணும்னு இல்ல சார். ஆனா பாதியில நிக்குது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாத்துட்டா, பிறந்த குழந்தை ரத்தத்த வச்சே சொல்லிரலாம். அந்த ரெண்டு மூணு வருஷத்தத்தான் யாரும் தரமாட்டேங்கிறாங்க."

நான் தருகிறேன் என்று சொன்னேன். யாவாரி வாக்கு. அவள் போன பிறகு தராசுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எதிரே மகமைச் சாக்கு இருந்தது.

மகமை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தொழிலில் எடைபோடுகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி அள்ளி ஒதுக்கிவிடுவோம். அது பொதுக் காரியத்துக்கு. நானும் தம்பியும் படித்த பள்ளிக்கூடம் அப்படிப் பிடிபிடியாகச் சேர்ந்து எழும்பியது, வெளியூர்க்காரன் தங்குகிற சத்திரமும் அப்படித்தான். விற்கிறவனும் முணுமுணுப்பதில்லை, வாங்குகிறவனும் முணுமுணுப்பதில்லை. அள்ளுகிற கை மட்டும் நேர்மையாக இருக்க வேண்டும். மூட்டையைக் கேட்டுக்கொண்டு யாரும் பிடி அள்ளுவதில்லை.

இத்தனை பேரைக் காப்பாற்றுகிறோம், வருஷத்துக்கு ஒரு பிடி ஒதுக்கினால் என்ன என்று தோன்றியது. கெட்ட எண்ணமாகத் தோன்றவில்லை. ரொம்ப நாளாகக் கணக்கில் இடித்துக்கொண்டிருந்தது நேரான மாதிரிதான் இருந்தது. நான் யாருக்கும் விஷம் வைக்கப்போவதில்லை. யாரையும் தொடக்கூடப் போவதில்லை. நோயைக் கொடுத்தது நான் இல்லை. ஸ்ரீஜா வராமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் அவரவர் விதிப்படி போயிருப்பார்கள். அதில் ஒருவரை மட்டும் அவர் விதிப்படி விடுகிறேன், மற்றவர்களை அது காப்பாற்றட்டும். நிதானமாக யோசித்துப் பாருங்கள், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

அடுத்த முகாமில் ஸ்ரீஜா சில பேரைச் சொன்னாள். அதில் ஒருவன் தனிக்கட்டை, தாய் தகப்பன் இல்லாதவன். ஹாலாஸ்யம் மாதிரி ஆளாக இருந்தால் அழ ஆளில்லாதவன் என்று அவனைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். அது பதர். பதரை அள்ளி மகமைச் சாக்கில் போடுகிறவனை நாங்கள் மண்டியில் ஏற்றமாட்டோம். அவனுக்காக மேடையில் யார் நிற்பார்கள்? அவனுக்கு உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். இன்றைக்கும் நன்றாக இருக்கிறான், போன மாதம் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தான்.

சங்கிலி நல்ல சரக்கு. இளம் வயது, சிரித்த முகம், குடி இல்லை. தங்கப்பொண்ணு என்று வாயாடியாக ஒரு மனைவி, ரெட்டைச்சடை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள். தராசுக்குப் பக்கத்தில் வந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, எனக்கு எப்புடி வந்திருக்கு?"

"ஒனக்கென்னடா மாப்ள, குதிரை."

"நெசமாவாண்ணே? ராத்திரில ரெண்டு தரம் படபடன்னு வந்துச்சு. அவ கெடந்து பயப்படுறா."

"பரோட்டாவக் கொறடா. எல்லாம் சரியாப்போகும்."

அவன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து என்னைக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு என்னவோ போலிருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப்போ என்று கொடுத்தேன்.

ஸ்ரீஜாவிடம், சொன்னேன், கேட்கமாட்டேன் என்கிறான், விருமாண்டியைப் போலவே பிடிவாதம் என்றேன். நானே போய்ப் பேசிப் பார்க்கட்டுமா சார் என்றாள். "வேணாம்மா, பொம்பளப் பிள்ளை போய்ச் சொன்னா இன்னும் முறுக்குவான், நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் என்னை நம்பினாள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும், "சங்கிலி வந்தாரா சார்?" என்று கேட்பாள். அவன் விஷயத்தில் அவளுக்குத் தூக்கமில்லை என்று ஆன்றோ சொன்னான். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. ஆராய்ச்சி செய்கிற மூளை வேறு கவலையில்லாமல் இருக்க வேண்டும்.

மாசி மாதத்தில் ஒருநாள் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், போன் வந்தது. லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பிய சங்கிலி அப்படியே மண்டியிட்டுச் சாய்ந்துவிட்டான். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அழுதேன். நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள், எனக்கு அவனை நிஜமாகவே பிடிக்கும். அடக்கச் செலவு முழுதும் என்னுடையது. இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பையும் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும் என்று அங்கேயே, சடலத்துக்குப் பக்கத்திலேயே சொன்னேன். மகமை அள்ளினவன் மூட்டைக்காரனை அம்போ என்று விடுவதில்லை.

நேற்று விழா. உங்களுக்குத்தான் தெரியுமே, உங்கள் ஸ்டேஷனிலிருந்தே இரண்டு பேர் பந்தோபஸ்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கப்பொண்ணை மேடையில் ஏற்றினேன். எழுதிக் கொடுக்கலாமா என்று ஹாலாஸ்யம் கேட்டார். வேண்டாம், அவள் வாயில் வருவதைப் பேசட்டும், சரக்கு தானே பேசும் என்றேன். இந்த ஒரு இடத்தில்தான் நான் தவறினேன். பாண்டியம்மாள் பேசாதவள். இவள் பேசுவாள் என்பதை நான் லாபமாக மட்டுமே நினைத்துவிட்டேன்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் நல்லா இருக்கணும் என்று ஆரம்பித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த அண்ணனத்தான் நான் சாமியாக் கும்பிடுறேன். எம்புருசனுக்கு ராத்திரில நெஞ்சு படபடங்கும். நாந்தான் அடிச்சு வெரட்டி டெஸ்டுக்கு அனுப்புனேன். அன்னைக்கு ஆட்டுக்கறி எடுத்துட்டு வாராரு. என்னய்யான்னேன். நம்ம அண்ணே வாயால சொல்லிட்டாருடி, எனக்கு ஒண்ணுமில்லையாம், குதிரையாம்ன்னு சொல்லிப் பிள்ளையளத் தூக்கிச் சுத்துனாரு. எங்க வீட்டுல அம்புட்டுச் சிரிப்பு அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அந்த ஒருநாள் சந்தோசத்தக் குடுத்தவக இவுக."

மண்டபத்தில் நனையாத கண் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் ஏற்பாடு செய்திருந்த முதல் குரலுக்கு வேலையே வரவில்லை, அதற்குள் சிவனாண்டி எழுந்துவிட்டான். எண்ணெய்க்கடைக்காரர் மனைவி கையிலிருந்த வளையலைக் கழற்றினாள். தங்கப்பொண்ணு சொன்னதன் அர்த்தம் அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. முன்வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்ரீஜா கத்தவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், சங்கிலிகிட்ட என்ன சொன்னீங்க?"

"பந்தி முடியட்டும்மா, பேசலாம்."

அவள் பந்திக்கு நிற்கவில்லை, நேரே உங்களிடம் வந்துவிட்டாள். காலையில் ஹாலாஸ்யம் சொன்னார், நேற்று வந்த பணத்தில் ஒரு பைசா தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஆன்றோவும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டானாம். அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய வசூல் வந்ததில்லை. அவள் கேட்ட அந்த இரண்டு மூன்று வருஷமும் அந்தப் பணத்தில் இருக்கிறது. பிறக்கப்போகிற எத்தனையோ குழந்தைகள் அதில் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள். விளைந்த வெள்ளாமையை அறுக்கமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்துகொள்கிறவளை என்ன செய்வது? கொடுக்கிறவர்களோடுதான் இத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன். வாங்குகிறவளும் இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. கொலை வழக்கு என்கிறீர்கள், போடுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த அறை மறுபடி பூட்டிக் கிடக்கப்போகிறதே என்றுதான் வயிறு எரிகிறது.

உன் வீட்டு ஆளாக இருந்தால் விட்டிருப்பாயா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தராசுக்கு எந்த மூட்டை யாருடையது என்று தெரியாது, அம்மா. என் சொந்த மூட்டையே வந்திருந்தாலும் அதே பிடியைத்தான் அள்ளியிருப்பேன். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

முதல் முகாமில் முதல் ஆளாகப் படுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? அன்று சாயங்காலம் ஸ்ரீஜா கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். தம்பிக்கு இருந்ததுதான் எனக்கும். குடும்ப நோய், ஆச்சரியமில்லை. ஒளிக்காமல் சொன்னாள். அன்றைக்கே பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அதிலிருந்து காய்கறிப் பையைக்கூட நான் தூக்குவதில்லை, மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறுகிறேன். அறக்கட்டளையை நடத்த ஆள் வேண்டுமே.

சங்கிலியிடம் சொன்ன மாதிரி வேறு யாரிடமாவது பொய் சொல்லியிருக்கிறாயா என்றுதானே இப்போது கேட்கிறீர்கள்? இருக்கிறான், ஒருவன். வருகிற வருஷத்துக்காக. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று ஸ்ரீஜாவிடம் சொல்லிவைத்திருந்ததால் அவளுக்கு அவன் நினைவு வந்திருக்காது. அவன் எங்கேயும் போகவில்லை. எங்கள் ஷெட்டில்தான் இருக்கிறான். முதுகுளத்தூர் லோடு இந்நேரம் வந்திருக்கும், இறக்க ஆரம்பித்திருப்பார்கள். பதற வேண்டாம், உட்காருங்கள். பெயரும் சொல்கிறேன், ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்றும் சொல்கிறேன். முதலில் அந்த மஞ்சள் பையைக் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே ஒரு டப்பாவில் என் மாத்திரை இருக்கிறது, ஒரு தம்ளர் தண்ணீரும் வேண்டும். ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது என்று ஸ்ரீஜா கண்டித்துச் சொல்லியிருக்கிறாள்.